சதுரம் மீனாகும், மீன் புதிராகும்... வீட்டிலேயே லேசரில் வெட்டலாம் மரப் புதிர்!

வீட்டுத் தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சதுர டைல்ஸ் பதித்திருந்தால், ஒரு டைலுக்கும் அடுத்த டைலுக்கும் நடுவே காலியிடம் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் கிடையாது. அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதே சதுரத்தை அடுக்கிக்கொண்டே போகலாம். தேன்கூட்டில் இதே வேலையை அறுகோணம் செய்கிறது. ஒரு பரப்பை இப்படி இடைவெளி இல்லாமல் நிரப்புவதற்குக் கணிதத்தில் 'டெஸலேஷன்' என்று பெயர்.

சரி, அந்தச் சதுரம் ஒரு மீனாக இருந்தால்? இருபத்தைந்து மர மீன்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, "நடுவில் ஓட்டை தெரியாமல் அடுக்கு, பார்க்கலாம்" என்று சொன்னால்? அதுதான் டெஸலேஷன் புதிர். ஒரு காலத்தில் நுண்ணிய ரம்பமும் மலையளவு பொறுமையும் உள்ள தச்சரால் மட்டுமே முடிந்த வேலை இது. இன்று மேசை மேல் அடங்கிவிடும் லேசர் இயந்திரம் அதைச் சில நிமிடங்களில் செய்து தருகிறது.

ஆனால், பட்டனைத் தட்டினால் புதிர் வந்து விழும் என்று நினைக்க வேண்டாம். கோடு மயிரிழை அளவு தவறினால் துண்டுகள் பொருந்தாது. தவறான பலகையை உள்ளே வைத்தால் கிளம்புவது விஷ வாயு. கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்தால் போவது பார்வை. எனவே, அழகு எவ்வளவோ அவ்வளவு கவனமும் தேவைப்படும் பொழுதுபோக்கு இது.

மரத்தில் தொடங்கிய விளையாட்டு

மரப் புதிர்களின் வரலாறு பள்ளிப் பாடத்தில் தொடங்குகிறது. 1760-களில் லண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக் கலைஞர், உலக வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு வழியாகவே அறுத்து விற்றார். பிள்ளைகள் புவியியல் படிப்பதற்காக உருவான அந்தப் பலகைகள்தாம் இன்றைய 'ஜிக்ஸா' புதிர்களுக்கு முன்னோடி.

டெஸலேஷனைக் கலையாக்கியவர் நெதர்லாந்து ஓவியர் எம்.சி.எஷர். ஸ்பெயினின் கிரனாடா நகரில் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு 1922-லும் 1936-லும் போனார். அங்கே சுவர்களில் பதித்திருந்த ஓடுகளின் வடிவங்களைப் பார்த்து வியந்து, தாளில் நகலெடுத்தார். அந்த ஓடுகளில் இருந்தது வெறும் கோணங்களும் நட்சத்திரங்களும்தான். எஷர் அவற்றின் இடத்தில் பல்லிகளையும் பறவைகளையும் மீன்களையும் கொண்டுவந்தார். கணிதத்தை முறையாகப் படிக்காத அவருடைய ஓவியங்களைக் கணிதப் பேராசிரியர்கள் இன்றும் பாடம் நடத்தப் பயன்படுத்துகிறார்கள்.

எஷரின் ஓவியங்களை அப்படியே வெட்டி விற்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். தேவையும் இல்லை. அவர் பயன்படுத்திய வழி எளியது. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு வடிவம் உருவாக்கலாம்.

முதலில் கத்தரிக்கோல், அப்புறம்தான் லேசர்

ஒரு கெட்டி அட்டையில் 4 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை வளைந்து நெளிந்து ஒரு கோடு போட்டு, அதன் வழியே வெட்டுங்கள். வெட்டிய துண்டைத் திருப்பாமல், புரட்டாமல், அப்படியே நேராக நகர்த்தி வலது ஓரத்தில் வைத்து டேப் ஒட்டுங்கள். இதையே மேல் ஓரத்துக்கும் செய்து, அந்தத் துண்டைக் கீழ் ஓரத்தில் ஒட்டுங்கள். உங்கள் முதல் டெஸலேஷன் துண்டு தயார்.

இது ஏன் பொருந்துகிறது? இடப்பக்கம் எவ்வளவு குறைந்ததோ, வலப்பக்கம் அவ்வளவும் கூடியிருக்கிறது. ஒரு துண்டின் மேடு, அடுத்த துண்டின் பள்ளத்துக்குள் போய் உட்கார்கிறது. மொத்தப் பரப்பளவு மாறவே இல்லை. சதுரத்தால் தரையை நிரப்ப முடியும் என்றால், சதுரத்திலிருந்து பிறந்த இந்தக் கோணல்மாணல் உருவத்தாலும் முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, ஒரு பாதியில் மட்டும் வளைவு வரையுங்கள். அந்த வளைவை நடுப்புள்ளியைச் சுற்றி அரைவட்டம் திருப்பினால் மறு பாதிக்கான கோடு கிடைக்கும். எல்லாப் பக்கங்களுக்கும் இப்படிச் செய்யலாம். இந்த வழி சதுரத்துக்கு மட்டுமல்ல, எந்த முக்கோணத்துக்கும் எந்த நாற்கரத்துக்கும் பொருந்தும். அளவு எப்படி இருந்தாலும் முக்கோணமும் நாற்கரமும் தளத்தை நிரப்பிவிடும் என்பதுதான் காரணம்.

வெட்டி முடித்த உருவத்தை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தால் வாத்து, இன்னொரு பக்கம் பார்த்தால் தூங்கும் பூனை. மேகத்தில் உருவம் தேடும் அதே விளையாட்டுதான். கண்ணும் மூக்கும் வைக்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் இன்னும் நன்றாக வரும்!

ஒரு கோடு இரண்டு வேலை செய்யும்

அட்டைத் துண்டை ஸ்கேன் செய்து கணினியில் கோடாக மாற்ற, 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச மென்பொருள் போதும். ஓர் உருவத்தைத் தளம் முழுக்க ஒழுங்காகப் பரப்ப மொத்தம் 17 வகையான சமச்சீர் ஒழுங்குகள்தாம் உண்டு என்று 1891-ல் ரஷ்ய அறிஞர் ஃபெடரோவ் நிரூபித்தார். இங்க்ஸ்கேப்பின் நகலெடுத்துப் பரப்பும் வசதியில் அந்தப் பதினேழும் இருக்கின்றன. வரைந்த ஒரு மீனை வைத்து, முழுக் குளத்தையும் நிரப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகச் செய்பவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். 25 மீன்களை நகலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்படியே லேசருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்தடுத்த மீன்களுக்கு எல்லை ஒன்றுதான். ஆனால், கோப்பில் அது இரண்டு கோடு. லேசர் ஒரே இடத்தில் இரண்டு முறை ஓடும். மரம் கருகும், வெட்டு அகலமாகும், நேரமும் வீண்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். ஐந்துக்கு ஐந்து என 25 துண்டுகள். தனித்தனியாக வெட்டினால் 25 × 4 = 100 பக்கங்கள். பொதுக் கோடுகளை ஒரே முறை வெட்டினால் குறுக்கே 30, நெடுக்கே 30, ஆக 60 பக்கங்கள் போதும். நூற்றுக்கு நாற்பது பங்கு வேலை மிச்சம்! எனவே மீன் மீனாக வரைவதைவிட, பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடும் ஆறு குறுக்குக் கோடுகளாகவும் ஆறு நெடுக்குக் கோடுகளாகவும் வரைவது நல்லது.

0.15 மில்லிமீட்டர் செய்யும் மாயம்

ரம்பம் அறுத்தால் மரத்தூள் விழுகிறது. அந்தத் தூள் அளவுக்கு மரம் குறைகிறது. லேசர் தூளுக்குப் பதில் மரத்தை ஆவியாக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டு இயந்திரங்களில் இந்த வெட்டுத் தடத்தின் அகலம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஏறக்குறைய இரண்டு தலைமுடியின் கனம்.

இவ்வளவு சின்ன அளவு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பத்துத் துண்டுகள் ஒரு வரிசையில் இருந்தால், 0.15 மில்லிமீட்டர் பத்து முறை சேர்ந்து 1.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். சட்டத்துக்குள் துண்டுகள் லொடலொடவென்று ஆடும்.

உங்கள் இயந்திரத்தின் தடம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்துப் பட்டைகளை அடுத்தடுத்து வரைந்து வெட்டுங்கள். வெட்டிய பட்டைகளை நெருக்கிச் சேர்த்து மொத்த அகலத்தை வெர்னியரில் அளவிடுங்கள். 100 இருக்க வேண்டிய இடத்தில் 98.5 காட்டினால், குறைந்தது 1.5. அதைப் பத்தால் வகுத்தால் 0.15. அதுதான் தடம்.

குழந்தைகள் விளையாடும் புதிருக்கு இந்த லேசான தளர்ச்சி நல்லதே. எளிதாக எடுத்து வைக்க முடியும். கச்சிதமாகப் பிடிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டையும் தனியாக வைத்து, கோட்டை வெளிப்பக்கமாகத் தடத்தில் பாதி அளவு தள்ளி வெட்ட வேண்டும். ஆனால், ரொம்பவும் இறுக்கிவிட வேண்டாம். மழைக்காலத்தில் மரக்கதவு இறுகிக்கொள்வதைப் போல, ஈரக்காற்றில் ப்ளைவுட் துண்டுகளும் சட்டத்துக்குள் இறுகிக்கொள்ளும்.

எந்த இயந்திரம், எந்தப் பலகை?

வீட்டுக்கு வரும் லேசர்களில் இரண்டு வகை உண்டு. நீல ஒளி வீசும் டயோடு லேசர் சிறியது, மேசை மேல் அடங்கும். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் பெரியது, வேகமாக வெட்டும். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

டயோடு லேசர் வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கும் வாட் கணக்கைக் கவனியுங்கள். இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஒளியாக வெளிவரும் திறனைச் சிறிய எழுத்தில் போடுவது உண்டு. வெட்டுவது இரண்டாவதுதான். ஒளித்திறன் 5 வாட் என்றால், 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை வெட்ட ஒரே கோட்டில் சில முறை ஓட வேண்டியிருக்கும். 10, 20 வாட் இயந்திரங்களில் வேலை விரைவில் முடியும்.

பலகைக்கு 3 மில்லிமீட்டர் பிர்ச் அல்லது பாஸ்வுட் ப்ளைவுட் வாகானது. மழையில் நனையும் இடத்துக்கென்று தயாராகும் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதன் பசை லேசருக்கு எளிதில் வழிவிடாது. கருகுமே தவிர வெட்டுப்படாது. வெட்டும் முன்பு மேல்பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் புகைக் கறை படியாது.

இயந்திரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அக்ரிலிக் பெயர்ப்பலகையும் அலங்கார அழைப்பிதழும் செய்து தரும் கடைகள் பலவற்றில் லேசர் இயந்திரம் இருக்கிறது. கோப்பைக் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். முதல் புதிருக்கு இதுவே சிக்கனம்.

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்!

* டயோடு லேசரின் நீல ஒளி நேராகப் பட்டாலும், பளபளப்பான பரப்பில் பட்டுத் தெறித்து வந்தாலும் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்தக் காயம் ஆறாது. கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. அந்த லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடிதான் வேண்டும். மூடி திறந்தால் தானாக நின்றுவிடும், முழுக்க மூடிய இயந்திரம் இன்னும் பாதுகாப்பு.

* பி.வி.சி., ரெக்ஸின் போன்ற குளோரின் கலந்த பொருட்களை ஒருபோதும் லேசரில் வைக்கக் கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். என்ன பொருள் என்று தெரியாத பலகையை வெட்டவே வெட்டாதீர்கள்.

* ப்ளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசை எரியும் புகையும் கெடுதலானதே. எக்ஸாஸ்ட் ஃபேனும் குழாயும் வைத்து, புகையை வீட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டும். படுக்கையறையில் இந்த வேலை வேண்டாம்.

* வெட்டி முடியும் வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. "ஒரு காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்" என்று எழுந்து போகும் நேரத்தில்தான் தீ பிடிக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

* பிள்ளைகள் வடிவமைக்கலாம், அடுக்கலாம், வண்ணம் தீட்டலாம். லேசரை இயக்குவது பெரியவர்கள் வேலை.

புதிரைக் கடினமாக்குவது எப்படி?

25 மீன்களும் ஒரே மாதிரி இருந்தால், முதல் இரண்டு மீன்கள் சேர்ந்ததுமே மீதி புரிந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு அது போதும். பெரியவர்களை உட்கார வைக்க வேண்டுமானால், சில கோடுகளை வெட்டாமல் விட்டுவிடுங்கள். மூன்று மீன் ஒட்டிய துண்டு, ஐந்து மீன் ஒட்டிய துண்டு என்று வெவ்வேறாக வரும். அவற்றை ஒரு சட்டத்துக்குள் அடக்கச் சொல்லுங்கள்.

இதன் புகழ்பெற்ற உதாரணம் 'பென்டாமினோ'. ஐந்து சதுரங்களை ஒட்டினால் 12 வடிவங்கள் கிடைக்கும். மொத்தம் 60 சதுரங்கள். இவற்றை 6-க்கு 10 சட்டத்தில் 2,339 விதமாக அடுக்கலாம். அதே 12 துண்டுகளை 3-க்கு 20 சட்டத்தில் அடுக்க இரண்டே வழிதான்! துண்டை மாற்றவில்லை, சட்டத்தைத்தான் மாற்றினோம். விளையாட்டு, விடாப்பிடியாக ஆகிவிட்டது.

உலகம் தேடிய 'தொப்பி'

இதுவரை பார்த்த மீன்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருபவை. ஒரே ஒரு வடிவம், தளத்தையும் நிரப்ப வேண்டும். ஆனால், அதன் ஒழுங்கு எங்கேயும் திரும்ப வரவே முடியாதபடியும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று உண்டா? கணித உலகம் பல பத்தாண்டுகள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. 1966-ல் ராபர்ட் பெர்கர் என்பவர் 20,426 வகை ஓடுகளைச் சேர்த்து அப்படி ஒரு பரப்பை உருவாக்கினார். 1970-களில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டே வடிவங்களுக்குக் குறைத்தார். ஒன்றாகக் குறைக்க யாராலும் முடியவில்லை.

2022 நவம்பரில் அது நடந்தது. கண்டுபிடித்தவர் பேராசிரியர் அல்ல. இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் ஊரில் வசிக்கும் டேவிட் ஸ்மித், அச்சுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வடிவங்களோடு விளையாடுவது அவருடைய பொழுதுபோக்கு. கணினியில் கிடைத்த 13 பக்க வடிவம் ஒன்று விசித்திரமாக நடந்துகொள்ள, கெட்டி அட்டையில் 30 துண்டுகள் வெட்டி மேசையில் அடுக்கிப் பார்த்தார். இன்னும் 30 வெட்டினார். இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. ஒழுங்கு மட்டும் திரும்ப வரவில்லை. கணினி அறிவியல் பேராசிரியர் கிரெய்க் கப்லன், ஜோசப் மயர்ஸ், கணிதப் பேராசிரியர் ஹைம் குட்மேன்-ஸ்ட்ராஸ் ஆகியோர் அவருடன் சேர்ந்து நிரூபணத்தை முடிக்க, 2023 மார்ச்சில் செய்தி உலகுக்கு வந்தது. தொப்பி போல இருந்ததால் அதற்குத் 'தொப்பி' என்றே பெயர்.

மரத்தில் வெட்டுபவர்களுக்குத் தொப்பி ஒரு பாடமும் வைத்திருக்கிறது. ஏழெட்டுத் துண்டுகளுக்கு ஒன்று, கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாறியிருக்க வேண்டும். துண்டைக் குப்புறப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால், லேசர் வெட்டு முழுச் செங்குத்தாக இருக்காது, லேசாகச் சரிந்திருக்கும். குப்புறப் போட்டால் சரிவும் எதிர்ப்பக்கம் மாறி, பொருத்தம் கெடும். எனவே, இடவலம் மாறிய துண்டுகளைக் கோப்பிலேயே தனியாக வரைந்து வெட்டுவது நல்லது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு, அதே நால்வர் 2023 மே மாதம் வெளியிட்ட 'ஸ்பெக்டர்' இருக்கிறது. அதில் இடவலம் மாறிய துண்டே தேவையில்லை.

சமையலறையில் பிறந்த கணிதம்

ஸ்மித்துக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் ஒரு குடும்பத் தலைவி. அமெரிக்காவின் சான் டியேகோவில் வாழ்ந்த மார்ஜரி ரைஸ், பள்ளிப் படிப்போடு கணிதத்தை விட்டவர். தளத்தை நிரப்பும் ஐங்கோணங்கள் பற்றி மார்ட்டின் கார்ட்னர் எழுதிய கட்டுரையை, 1975-ல் மகனுக்கு வரும் பத்திரிகையில் படித்தார். 'இன்னும் ஏதாவது இருக்குமோ?' என்ற கேள்வி அவரை விடவில்லை. சமையலறை மேடையில் வரைந்து பார்ப்பார். யாராவது வந்தால் தாளை மூடி வைத்துவிடுவார். கணிதக் குறியீடுகள் தெரியாததால், தனக்கென்று சொந்தமாகக் குறியீடுகளை உருவாக்கிக்கொண்டார்.

1977-க்குள் யாரும் அறியாத நான்கு வகை ஐங்கோணங்களைக் கண்டுபிடித்துவிட்டார்! அவை சரிதான் என்று கணிதப் பேராசிரியர் டோரிஸ் ஷட்ஷ்னைடர் உறுதிசெய்து உலகுக்குச் சொன்னார். 1999-ல் வாஷிங்டனில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தலைமையகத்தில் ரைஸின் வடிவம் தரை ஓடுகளாகப் பதிக்கப்பட்டது. குவிந்த ஐங்கோணங்களில் மொத்தம் 15 வகைதான் தளத்தை நிரப்பும் என்று பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ராவ் கணினி உதவியோடு நிறுவியது 2017-ல். ரைஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் பதினைந்தில் நான்கு, சமையல் வேலைக்கு நடுவே பிறந்தவை.

மெருகும் விற்பனையும்

வெட்டிய துண்டுகளின் ஓரக் கரியை ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் அளவு குறைந்துவிடும். காய்ந்ததும் தேன்மெழுகு பூசினால் மரத்தின் நிறம் எடுப்பாகத் தெரியும். வாயில் போட்டு விழுங்கும் அபாயம் உள்ளதால், மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளிடம் சிறிய துண்டுகளைக் கொடுக்க வேண்டாம்.

நன்றாக வந்துவிட்டால் விற்கலாமே என்ற எண்ணம் வரும். 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கடை விரிக்கும் முன்பு இந்த விதியையும், அதில் யாருக்கு விலக்கு என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

அதெல்லாம் பிறகு. இப்போதைக்குத் தேவை ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் டேப். முதல் சதுரம் என்ன உருவமாக மாறுகிறது என்று பாருங்கள். அட்டையில் பொருந்தாதது மரத்திலும் பொருந்தாது. அட்டையில் கச்சிதமாகப் பொருந்திவிட்டால், லேசரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்!